கல் நட்டு ஆறு வருடம் ஆகிறது. நில எடுப்புச் சட்டத்தில் ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?

புஞ்சைக்காரன்:
எங்கள் ஊருக்கு வெளியே மாநில நெடுஞ்சாலைக்குப் புறவழிச்சாலை வருகிறது என்று 2019-இல் ஆட்கள் வந்து மஞ்சள் காட்டுக்குள் வரிசையாகக் கல் நட்டுவிட்டுப் போனார்கள். முழங்கால் உயரக் கல், தலையில் மஞ்சள் பெயிண்ட், பக்கவாட்டில் ஒரு எண். எங்களுக்குப் போகப்போவது 62 சென்ட். 2022-இல் நோட்டீஸ் வந்தது, விசாரணைக்குப் போனோம், மனுவை வாங்கிக்கொண்டு ஒரு நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், அதோடு சரி. எடுக்கிறோம் என்றும் இல்லை, விட்டுவிட்டோம் என்றும் இல்லை.

தங்கை கல்யாணத்துக்காகப் பக்கத்திலேயே ஒரு ஏக்கரை விற்கலாம் என்று பார்த்தோம். வாங்க வந்தவர் வரப்பில் நடந்து வந்தார், கல்லைப் பார்த்தார், டீ கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பினார். கிணறு ஆழப்படுத்தக் கடன் கேட்டால் வங்கியில் 'ரோடு விவகாரம் முடியட்டும்' என்கிறார்கள். பெயிண்ட் வெளுத்துப் போய்விட்டது, அம்மா இப்போது அந்தக் கல்லில்தான் கன்றுக்குட்டியைக் கட்டுகிறார்.

எல்லோரும் விலையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு விலை கூட இரண்டாம் பட்சம். ஒரு தேதி வேண்டும், இந்தத் தேதிக்குள் எடு, இல்லையென்றால் கல்லைப் பிடுங்கு என்று. சட்டத்தில் அப்படி ஒன்று இல்லையா? நீங்கள் எதை மாற்றச் சொல்வீர்கள்?

நான்குவழி:
உங்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் இன்னொரு பக்கமும் பேசியாக வேண்டும். நான் தினமும் அறுபது கிலோமீட்டர் ஓட்டுகிறேன், வழியில் இரண்டு கடைவீதி. ஆம்புலன்ஸ் நின்று அலறுவதை வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன். ஒவ்வொருவரும் 'சாலை வேண்டும், என் காட்டு வழியாக வேண்டாம்' என்றால் எந்தக் காட்டு வழியாகத்தான் போடுவது? 2013 மத்திய நில எடுப்புச் சட்டம் வந்த பிறகு சந்தை மதிப்பு, கிராமம் என்றால் அதற்கு மேல் இரண்டு மடங்கு வரை பெருக்கல், அதன் மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை. 1894 சட்டத்தின் கீழ் நிலம் கொடுத்த என் தாத்தாவுக்கு இதெல்லாம் கிடைக்கவில்லை. எண்பது சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும் என்று வேறு இருக்கிறது. இன்னும் என்ன மாற்ற?

வாய்தா:
வக்கீல் பேசுகிறேன், சிவில் பக்கம். நான்குவழி சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும், ஏனென்றால் ஊர்க் கூட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைத் தப்பாகவே சொல்கிறார்கள். எண்பது சதவீத சம்மதம் தனியார் நிறுவனத்துக்கு எடுத்தால் மட்டும். அரசும் தனியாரும் கூட்டு என்றால் எழுபது. அரசே தன் தேவைக்கு எடுத்தால் சம்மதம் என்ற பேச்சே கிடையாது, சமூகத் தாக்க மதிப்பீடு மட்டும்தான்.

புஞ்சைக்காரன் விஷயத்துக்கு அந்த மதிப்பீடும் கிடையாது. தமிழ்நாட்டில் மூன்று மாநிலச் சட்டங்கள் இருக்கின்றன. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு 1978 சட்டம், தொழில் நோக்கங்களுக்கு 1997 சட்டம், சாலைக்கு 2001 நெடுஞ்சாலைகள் சட்டம். 2013 மத்தியச் சட்டம் வந்ததும் 105-ஏ என்று ஒரு பிரிவைச் செருகி, 'இந்த மூன்றுக்கும் மத்தியச் சட்டத்தின் இழப்பீடு உண்டு, நடைமுறை கிடையாது' என்று வைத்துக்கொண்டார்கள். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே வருடம் சட்டமன்றத்தில் புதுச் சட்டம் போட்டு, 2013 செப்டம்பர் 26-இலிருந்தே செல்லும் என்று முன்தேதியிட்டு உயிர் கொடுத்தார்கள். 2021 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்று சொல்லிவிட்டது.

இனி உங்கள் 'தேதி'. மத்தியச் சட்டப்படி முதல் அறிவிக்கை வந்து 12 மாதத்துக்குள் உறுதி அறிவிப்பு, அதிலிருந்து 12 மாதத்துக்குள் அவார்டு, அதாவது இழப்பீட்டை முடிவு செய்யும் உத்தரவு, தவறினால் மொத்தமும் காலாவதி. நீங்கள் கேட்கும் தேதி அங்கே இருக்கிறது. உங்களை எடுக்கும் சட்டத்தில் இல்லை. இன்னும் மோசம் என்னவென்றால் நெடுஞ்சாலைகள் சட்டத்தில் நிலத்தை எடுக்கிறோம் என்ற 15(1) அறிவிப்பு அரசிதழில் வந்த அன்றே நிலம் அரசுக்குச் சொந்தம். பணம் பிறகு. மத்தியச் சட்டத்தில் பணம் முழுதாகக் கொடுத்த பிறகுதான் நிலத்தில் கை வைக்கலாம்.

புஞ்சைக்காரன்:
சார், அப்படியென்றால் எனக்கு வந்த 15(2) நோட்டீஸ் என்ன கணக்கு?

வாய்தா:
ஆட்சேபணை கேட்கும் நோட்டீஸ். நிலம் இன்னும் உங்களுடையதுதான், சட்டப்படி விற்கலாம். வாங்கத்தான் ஆள் வரமாட்டான்.

சங்கிலி_அளவர்:
தம்பி, நான் சர்வே வேலையில் முப்பது வருடம் இருந்தவன், ஓய்வு பெற்றுவிட்டேன். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த மஞ்சள் தலைக் கல்லுக்குச் சட்டத்தில் ஒரு அர்த்தமும் இல்லை. அது கன்சல்டன்ட் ஆட்கள் ரோடு போகும் கோட்டைக் குறிக்கத் தங்கள் வசதிக்கு நட்ட அலைன்மென்ட் கல். ஆனால் ஊரில் அது நட்ட அன்றே நிலத்தின் விலை செத்துப்போகும், இதை நான் நூறு ஊரில் பார்த்திருக்கிறேன். கல்லுக்கும் அறிவிக்கைக்கும் நடுவில் மூன்று வருடம் போகலாம், ஏழு வருடம் போகலாம், அந்த வருடங்களை எந்தக் கணக்கிலும் எவனும் எழுதமாட்டான். மத்தியச் சட்டத்தில் ஆண்டுக்கு 12 சதவீதம் கூடுதல் தொகை என்று ஒன்று இருக்கிறது, தெரியுமா? அதுகூட அறிவிக்கை நாளிலிருந்து அவார்டு வரைக்கும்தான். கல் நட்ட நாளிலிருந்து இல்லை.

என்னைக் கேட்டால் மாற்ற வேண்டியது இதைத்தான். கல் நடுவதையே ஒரு சட்ட நடவடிக்கையாக ஆக்கு. அன்றைக்கே கடிகாரம் ஓடட்டும், வட்டியும் அன்றையிலிருந்து ஓடட்டும். அப்புறம் பார், எத்தனை பேர் ஜாலியாகக் கல் நடுகிறார்கள் என்று.

நான்குவழி:
ஐயா, அப்படிச் செய்தால் யாரும் முன்கூட்டி அளக்கவே மாட்டார்கள். நேராக அறிவிக்கையோடுதான் வருவார்கள், அது இன்னும் அதிர்ச்சி இல்லையா?

சங்கிலி_அளவர்:
அளக்க வேண்டாம் என்று யார் சொன்னது? இப்போது ட்ரோன் இருக்கிறது, செயற்கைக்கோள் படம் இருக்கிறது, நாலு மாற்று வழிகளை மேஜையிலேயே வரைந்து பார்க்கலாம். முடிவு செய்துவிட்டுக் கல்லை நடு என்கிறேன். நாங்கள் சங்கிலி பிடித்த காலத்தில் வேறு வழி இல்லை.

கிணற்றடி:
விலை இரண்டாம் பட்சம் என்று அண்ணன் எழுதியிருக்கிறார். அது கையில் வரும் என்று நம்பிக்கை உள்ளவர் பேசும் பேச்சு. எங்கள் வீட்டுக் கதை வேறு. தாத்தா இறந்த பிறகு பட்டா பெரியப்பா பேருக்கு மாறிவிட்டது. அப்பா இல்லை, நானும் அம்மாவும்தான். நோட்டீஸ் பட்டாதாரர் பேருக்கு மட்டும் வந்தது. விசாரணைக்குப் பெரியப்பா போனார், ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார், எங்களுக்குத் தெரிந்ததே ஜேசிபி வந்த பிறகுதான். அலுவலகத்தில் போய்க் கேட்டால் 'கோர்ட்டுக்குப் போம்மா' என்கிறார்கள். தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு 1989-லேயே வந்துவிட்டது, ஆனால் நோட்டீஸ் எழுதுகிறவர் பார்ப்பது கணினியில் யார் பேர் வருகிறது என்று மட்டும். நான் மாற்றச் சொல்வது, நோட்டீஸ் போடுவதற்கு முன்னால் வாரிசுகள் யார் யார் என்று ஊரில் விசாரித்து எல்லோர் பேரையும் எழுத வேண்டும். வி.ஏ.ஓ.வுக்கு யார் வீட்டில் எத்தனை பெண் என்று தெரியாதா என்ன?

வாய்தா:
அம்மா, பணம் இன்னும் முழுதும் பட்டுவாடா ஆகவில்லை என்றால் உடனே ஒரு ஆட்சேபம் எழுதி ஒப்புகை வாங்குங்கள். பங்கில் தகராறு இருப்பது தெரிந்தால் தொகையை அவர்கள் நேராக ஒருவர் கையில் கொடுக்க முடியாது, டெபாசிட் செய்துதான் ஆக வேண்டும். கொடுத்து முடித்துவிட்டார்கள் என்றால் பெரியப்பா மீது பாகம் கேட்டு வழக்குக்குத்தான் போக வேண்டும், அது நீளும்.

குத்தகைக்கரை:
நிலம் இருப்பவர்கள் பேசி முடித்துவிட்டீர்களா? இல்லாதவன் பேசலாமா? இருபது வருடமாக ஒருவர் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுகிறோம். சொந்தக்காரர் கோயம்புத்தூரில். நிலம் போனால் அவருக்குச் செக், எனக்கு?

வாய்தா:
2013 சட்டத்தில் உங்களுக்கும் இடம் உண்டு. நிலம் எடுப்பதற்கு முந்தைய மூன்று வருடம் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரர், வாரக்காரர், கூலி வேலை செய்பவர் எல்லோரும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்'. வேலை, இல்லையென்றால் ஒரே தவணையாக 5 லட்சம், இல்லையென்றால் மாதம் 2,000 ரூபாய் வீதம் 20 வருடம், இந்த மூன்றில் ஒன்று. தகுதியைப் பொறுத்துப் பிழைப்புப்படி மாதிரி இன்னும் சிலவும் உண்டு.

குத்தகைக்கரை:
ஏட்டில் இருக்கிறது. நான் உழுகிறேன் என்று எழுதித் தருவது யார்? குத்தகைப் பதிவுக்கு 1969-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், எங்கள் ஊரில் ஒருவர் பேரும் அதில் ஏறவில்லை, ஏற்றச் சொன்னால் அடுத்த வருடம் நிலமே கிடைக்காது. அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் சொந்தக்காரர் பேர்தான் இருக்கும். பயிர்க் காப்பீடே அவர் கணக்குக்குப் போகிறது, நான் போய் வாங்கி வருகிறேன். அந்த மாதம் 2,000 ரூபாயும் 2013-இல் எழுதிய எண். விலைவாசிக் குறியீட்டோடு ஏறும் என்று போட்டிருக்கிறதாம், ஏறட்டும், முதலில் என் பேர் லிஸ்டில் ஏறட்டும்.

மேற்கத்திக்காற்று:
கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு கதை. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ லண்டன் என்று ஒரு ஊர். சூசெட் கெலோ என்ற நர்ஸின் வீட்டை ஊர் நிர்வாகம் எடுக்கப் பார்த்தது. சாலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ இல்லை, பக்கத்தில் ஃபைசர் கம்பெனி வந்திருக்கிறது, அந்தப் பகுதியையே மேம்படுத்தினால் வரி வருமானம் வரும் என்று. 2005-இல் அங்கே உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் 'பொருளாதார வளர்ச்சியும் பொதுப் பயன்தான்' என்று சொல்லிவிட்டது. நாடே கொதித்தது, கட்சி வித்தியாசம் இல்லாமல். நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏதோ ஒரு வகையில் சட்டத்தைத் திருத்தின. அதில் வேடிக்கை, சொன்ன திட்டம் வரவே இல்லை, 2009-இல் ஃபைசரும் கிளம்பிவிட்டது, நிலம் வருடக்கணக்கில் புல் முளைத்துக் கிடந்தது. அந்த அம்மாவின் இளஞ்சிவப்பு வீட்டை மட்டும் பிரித்துக் கொண்டுபோய் வேறு தெருவில் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் நாம் 'எவ்வளவு' என்று கேட்கிறோம், 'எதற்கு' என்று கேட்பதே இல்லை. 'பொது நோக்கம்' என்ற சொல்லைச் சுருக்க வேண்டும். என் ஓட்டு அதற்கு.

வரப்புமேல்:
யார் கேட்கவில்லை? ஏகனாபுரத்தில் 2022-இலிருந்து கேட்கிறார்கள், விமான நிலையத்துக்குப் பரந்தூர்தான் வேண்டுமா என்று. செய்யாறு மேல்மாவில் சிப்காட்டுக்கு எதிராகக் கேட்ட விவசாயிகள் மீது 2023-இல் குண்டர் சட்டமே போட்டார்கள், ஊரெல்லாம் சத்தம் வந்த பிறகு வாபஸ். அதே வருடம் ஜூலையில் வளையமாதேவியில் என்.எல்.சி. நிலக்கரி நிறுவனத்துக்காகக் கதிர் பிடிக்கிற நெல்லுக்குள் இயந்திரத்தை இறக்கினார்கள். கேட்டால் 'பல வருடம் முன்பே எடுத்த நிலம்' என்றார்கள். அறுவடை வரை பொறுக்கக் கூடாதா என்று உயர் நீதிமன்றமே கேட்டது. புஞ்சைக்காரன், உங்கள் கதையின் கடைசிப் பக்கம் அதுதான். காகிதத்தில் எடுத்துவிட்டு நிலத்தில் விட்டுவைப்பார்கள், நீங்கள் உழுதுகொண்டே இருப்பீர்கள், ஒருநாள் காலையில் வண்டி வரும்.

நான்குவழி:
வளையமாதேவியை நானும் நியாயப்படுத்தவில்லை. பச்சைப் பயிரை அழித்ததைப் பார்த்து எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். சேலம் எட்டுவழிச் சாலை 277 கிலோமீட்டர், அதை எதிர்த்த காரணம் வேறு, ஊர்ப் புறவழிச்சாலை வேறு.

வரப்புமேல்:
எட்டுவழிச் சாலைத் தீர்ப்பை முழுதாகப் படித்தீர்களா? 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றுதான் சொன்னது, ஆனால் நிலம் எடுத்து முடிப்பதற்குள்ளாகவே வருவாய் ஆவணத்தில் பேரை மாற்றிவிட்டார்களே, அது தப்பு, பழையபடி மாற்று என்றும் சொன்னது. பணம் கொடுக்கவில்லை, உறுதி அறிவிப்பு இல்லை, அதற்குள் பட்டாவில் விவசாயி பேர் காணோம்! இந்த அவசரத்துக்கு என்ன பேர்?

நான்குவழி:
அது தப்புதான். ஒத்துக்கொள்கிறேன்.

வாய்தா:
விலை பற்றியும் ஒன்று எழுதிவிடுகிறேன், சும்மா 'மூன்று மடங்கு நான்கு மடங்கு' என்று பேப்பரில் வருவதைப் பார்த்துக் கனவு காணாதீர்கள். மடங்கு எதன் மேல் என்பதுதான் கேள்வி. பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பு, பக்கத்து நிலங்களின் மூன்று வருடக் கிரயங்களில் விலை கூடிய பாதியின் சராசரி, இவற்றில் எது அதிகமோ அது. நம் ஆட்கள் முத்திரைத்தாள் செலவைக் குறைக்கக் கிரயப் பத்திரத்தில் பாதி விலை எழுதுவார்கள், மீதி மஞ்சள் பையில் போகும். பின்னால் ரோடு வரும்போது அந்தப் பத்திரமே நம் கழுத்தைப் பிடிக்கும். போதாததற்கு 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். நிலம் வாங்குகிறவர்கள் கொண்டாடினார்கள். 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கு ஏற்றினார்கள். நடுவில் அந்த ஆறு வருடத்தில் அறிவிக்கை வந்தவர்கள் கதி? மதிப்பு கணக்கிடுவது அறிவிக்கை நாளை வைத்து. அப்படி மாட்டிய கட்சிக்காரர்கள் என்னிடமே சிலர் இருக்கிறார்கள்.

மத்திய நெடுஞ்சாலை என்றால் இன்னொரு தலைவலி. தொகை போதாது என்றால் நீதிமன்றத்துக்கு நேராகப் போக முடியாது, மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடம் போக வேண்டும், பெரும்பாலும் அவர் மாவட்ட ஆட்சியர். எடுப்பதும் அரசு, நடுவரும் அரசு. அவர் தீர்ப்பு சரியில்லை என்று மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால் தொகையைக் கூட்டித் தர முடியாது, ரத்து மட்டும்தான் செய்யலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கே தமிழ்நாட்டிலிருந்து போனது. 2025-இல் நடுவர் தீர்ப்பைச் சில சமயம் திருத்தலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்திருக்கிறார்கள்.

பெட்டிக்கடை:
இவ்வளவு படித்த பிறகும் புரியவில்லை. எடுத்து வைத்துவிட்டு ஒன்றும் கட்டவில்லை என்றால் திரும்ப வருமா? எங்கள் பக்கம் தொழிற்பேட்டைக்கு எடுத்த இடத்தில் சீமைக்கருவேலம்தான் தொழில் செய்கிறது.

வாய்தா:
ஐந்து வருடம் பயன்படுத்தவில்லை என்றால் பழைய உரிமையாளரிடமோ வாரிசிடமோ 'அல்லது' அரசின் நில வங்கியிடமோ போகும் என்று மத்தியச் சட்டத்தின் 101-ஆவது பிரிவு. அந்த 'அல்லது' இருக்கிறதே! அரசு எதைத் தேர்ந்தெடுக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தொழிற்பேட்டைக்கு அந்தப் பிரிவே பொருந்துமா என்பதும் எந்தச் சட்டத்தில் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. இதே மாதிரி 24(2)-இலும் ஒரு 'அல்லது'. பழைய சட்டத்தில் அவார்டு போட்டு ஐந்து வருடம் தாண்டியும் நிலத்தை எடுத்துக்கொள்ளவில்லை அல்லது பணம் தரவில்லை என்றால் காலாவதி என்று எழுதியிருந்தது. அதை நம்பி ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். 2020 மார்ச்சில் அரசியல் சாசன அமர்வு, இரண்டுமே நடக்காமல் இருந்தால்தான் காலாவதி என்று படித்துவிட்டது. என் வழக்குக் கட்டுகளில் பாதி அன்றைக்குச் செத்தது.

நல்லதும் ஒன்று இருக்கிறது. சொத்துரிமை 1978-இல் அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து போனாலும், சட்டம் இல்லாமல் யார் சொத்தையும் பறிக்கக் கூடாது என்னும் அரசியல் சாசனத்தின் 300-ஏ பிரிவு இருக்கிறது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குள் ஏழு உரிமைகள் இருப்பதாகச் சொன்னது. நோட்டீஸ் பெறும் உரிமை, ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும், கேட்டு முடிவைக் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும், பொது நோக்கம், நியாயமான இழப்பீடு, வேலையைக் காலத்தோடு நடத்துவது, கடைசியாக முடித்து வைப்பது. கடைசி இரண்டைப் பாருங்கள் புஞ்சைக்காரன், நீங்கள் கேட்ட தேதி அதற்குள் ஒளிந்திருக்கிறது.

புஞ்சைக்காரன்:
சார், இதை மனுவில் எழுதலாமா?

வாய்தா:
எழுதுங்கள். விசாரணையில் கொடுத்த ஆட்சேபணைக்கு என்ன முடிவு எடுத்தீர்கள், எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் 'முடிவெடுக்கச் சொல்' என்று ரிட் போடலாம். கல்லைப் பிடுங்கு என்று கேட்டால் நீதிமன்றம் யோசிக்கும், இத்தனை வாரத்தில் முடிவு சொல் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

சங்கிலி_அளவர்:
தம்பி, மனுவுக்கு முன்னால் ஒரு வேலை செய். நோட்டீஸில் உட்பிரிவு எண்ணும் பரப்பும் போட்டிருக்கும். புல வரைபட நகல் ஒன்று எடுத்துக்கொண்டு, கல்லிலிருந்து கல்லுக்குக் கயிறு கட்டிப் பார். உன் கிணறு எந்தப் பக்கம் விழுகிறது?

புஞ்சைக்காரன்:
கிணறு கோட்டுக்கு வெளியே ஐயா, ஒரு ஆள் நீளம் தள்ளி. அதனால் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

சங்கிலி_அளவர்:
காடு எந்தப் பக்கம்?

புஞ்சைக்காரன்:
ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் பெரும்பாகம்.

சங்கிலி_அளவர்:
அப்போது தப்பிக்கவில்லை. கிணறு இந்தப் பக்கம், காடு அந்தப் பக்கம், நடுவில் தார். பைப் எப்படிக் கொண்டுபோவாய்? ரோடு போட்ட பிறகு தோண்ட விடமாட்டார்கள். நிலம் துண்டாவதால் வரும் நஷ்டத்துக்கும் இழப்பீடு கேட்கலாம், ஆனால் நீ கேட்டால்தான், அவர்களாக எழுதமாட்டார்கள். ரோட்டுக்கு அடியில் ஒரு குழாய் போட இடம் விடச் சொல்லி இப்போதே எழுது. மாடு கடக்கவும் வழி கேள். டிசைன் முடிந்த பிறகு கேட்டால் 'எஸ்டிமேட்டில் இல்லை' என்பார்கள்.

கிணற்றடி:
ஐயா சொல்வது உண்மை. எங்கள் பக்கம் ரோடு போட்ட பிறகு எதிர்க் காட்டுக்குப் போக மூன்று கிலோமீட்டர் சுற்றுகிறோம், மீடியனில் வழி இல்லை. ஆடுகள் மட்டும் தாண்டிப் போகும், அதிலும் போன மாதம் இரண்டு அடிபட்டது. அண்ணா, மனுவில் உங்கள் தங்கை பேரையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

புஞ்சைக்காரன்:
தங்கை பேர் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. பட்டா அப்பா பேரில்தான் இன்னும் இருக்கிறது, அம்மா, நான், தங்கை மூன்று பேரும் போடுகிறோம். குழாயும் மாட்டு வழியும் எழுதியாகிவிட்டது. இன்று காலை கயிறு கட்டப் போனால் 43-ஆம் எண் கல்லைக் காணோம். எவரோ துணி துவைக்க எடுத்துப் போயிருப்பார்கள் என்கிறார் அம்மா. இது பிரச்சினை ஆகுமா ஐயா?

சங்கிலி_அளவர்:
நீ எடுக்கவில்லையே? அப்போது விடு. அவர்களிடம் ஆயத்தொலைவு இருக்கும், திரும்ப வந்து நடுவார்கள். நட வரும்போது எந்தத் தேதி, யார் உத்தரவு என்று எழுதி வாங்கு.